ஐந்து பேரும் ஓர் ஒட்டகமும்

சாத்தூர்ப் பக்கம் ஒட்டகம் கிடையாது. கம்பும் பருத்தியும் விளைகிற கரிசலில் அதற்கு வேலையும் இல்லை. ஆனாலும் எங்கள் தெருவில் எந்தப் பொடியனைக் கேட்டாலும் ஒட்டகத்தைப் பற்றி உறுதியாக ஒரு தகவல் சொல்வான்: அதன் திமில் உடம்போடு ஒட்டியிருக்காது, கொஞ்சம் தள்ளித் தனியாக மிதக்கும். அவன் பொய் சொல்லவில்லை. அரிச்சுவடியில் 'ஒ' பக்கத்தில் அது அப்படித்தான் நின்றது. கறுப்புக் கோட்டில் வரைந்த ஒட்டகம் ஓரிடத்தில். அதற்கென்று அடித்த மஞ்சள் நிறம் இன்னோரிடத்தில்.

சிவகாசியில் அச்சாபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாமாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "ரிஜிஸ்டர் வெலகிருச்சு மாப்ளே" என்றார். நிறத்துக்கு ஒரு தடவையாக ஒரே தாள் பல தடவை மிஷினுக்குள் போய் வருமாம். நடுவில் மயிரிழை நகர்ந்தாலும் கோடு ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம் ஆகிவிடுமாம். முருகன் காலண்டரில் அப்படி விலகினால் தாளைக் கழித்துப் போடுவார்கள், சாமி முகமாயிற்றே. அரிச்சுவடியில் விலகினால்? "சின்னப் பிள்ளைகதானே, அதுகளுக்கு என்ன தெரியப் போகுது" என்று மாமா அந்தச் சின்னப் பிள்ளையிடமே சொன்னார்.

சிவகாசிக்கு அச்சு வந்ததே பிள்ளைகளுக்காக அல்ல. 1920-களில் அங்கிருந்து இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கும் வெடிக்கும் லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சாபீஸ் வந்தது. பிறகு காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை, கடைசியாக மிச்சத் தாளில் அரிச்சுவடி. தீப்பெட்டி மேல் நிற்கிற மானும் அரிச்சுவடியில் 'ன்' பக்கத்து மானும் ஒரே பிளாக்கிலிருந்து வந்தவை என்று மாமா சொல்வார். எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. இரண்டும் ஒரே பக்கம் திரும்பி ஒரே மாதிரி முறைக்கும்.

தாத்தா திண்ணைப் பள்ளியில் மணலில் விரலைத் தேய்த்து எழுதிப் படித்தவர். அவருடைய அரிச்சுவடியில் படமே கிடையாது. எங்கள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "எழுத்தை எங்கடா, ஆட்டையும் மாட்டையும் போட்டு மறைச்சு வச்சிருக்கான்" என்பார். படம் என்பது சோம்பேறிக்குக் கொடுக்கிற லஞ்சம் என்பது அவர் கட்சி. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு கயிற்றுக் கட்டிலில் படுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதே புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பார். எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாராம்.

அந்தப் புத்தகத்தில் ஒட்டகம் ஒன்றுதான் அசலூர். மற்றதெல்லாம் வீட்டைச் சுற்றியே கிடந்தது. அணில் முருங்கையில் இருந்தது. ஆடு எதிர்வீட்டுத் திண்ணையில் கட்டியிருந்தது. 'ஈ' பக்கத்தைத் திறந்தால் படத்து ஈயின் மேல் அசல் ஈ வந்து உட்காரும். எழுத்தும் பொருளும் படமும் ஒன்றாகிப்போன அந்தப் பக்கத்தில் வாத்தியாருக்கு வேலையே இல்லை. உரல் கொல்லையில் கிடந்தது. எலியைப் பற்றிச் சொல்ல வேண்டாம், அது அரிச்சுவடியையே தின்றது. எங்களுக்குப் பொருள் முன்னாலேயே தெரியும், எழுத்துத்தான் புதுசு. உரலைக் காட்டி 'உ'வைக் கற்றுக்கொடுத்தார்கள்.

தகராறு இரண்டு மூன்று பக்கங்களில்தான். 'ஐ' என்றால் ஐவர். வேட்டி கட்டிய ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். ஓவியர் ஒருவரை வரைந்துவிட்டு அவரையே ஐந்து தடவை போட்டிருந்ததால் ஐவருக்கும் ஒரே மூக்கு, ஒரே மீசை. பாட்டி அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்று முடிவு செய்திருந்தாள். கறுப்புச் சட்டை போட்டிருந்த சித்தப்பா, "தேரும் இல்லை, வில்லும் இல்லை. உழைக்கிற தமிழன் அஞ்சு பேர்" என்றார். படத்தில் அவர்கள் உழைத்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை என்பது பாட்டியின் வாதம். எங்கள் வீட்டில் அரசியல் பேச்சு முதன்முதலில் நடந்தது அந்தப் பக்கத்தை வைத்துத்தான்.

'ஔ'வுக்கு ஔவையார். வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல். 1953-இல் வந்த 'ஔவையார்' படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் எந்த ஓவியருக்கும் அந்த அம்மையாரைத் தேடி அலைகிற சிரமம் இல்லாமல் போயிற்று; கே.பி. சுந்தராம்பாள் முகத்தை வைத்தால் போதும். சங்க காலத்திலிருந்து பலர் அந்தப் பெயரில் இருந்திருக்கிறார்கள் என்று பின்னால் கல்லூரியில் சொன்னபோது வகுப்பே சுந்தராம்பாளைப் பல உருவமாக நினைத்துப் பார்த்தது.

பெரிய பாவம் ஆய்த எழுத்துதான். அது சொல்லுக்கு முதலில் வராது. முன்னால் ஒரு குறில், பின்னால் ஒரு வல்லினம் என்று இரண்டு பேர் தாங்கிப் பிடித்தால்தான் நிற்கும் என்று தொல்காப்பியம் அன்றைக்கே சொல்லிவிட்டது. அதனால் 'எஃகு' என்று போட்டார்கள். எஃகைப் படமாக எப்படி வரைவது? வாளை வரைந்தார்கள். எங்கள் வகுப்பு முழுக்க 'ஃ, வாள்' என்றுதான் ராகம் போட்டுப் படித்தது. இதே மாதிரி 'ங'வுக்கும் நேரான படம் இல்லை. அந்த எழுத்துக்கு வந்தபோது ஆத்திசூடி பாடிய ஔவையே எழுத்தையே உவமையாக்கிக்கொண்டு தப்பித்தாள். சிவகாசி ஓவியர் பாவம், சங்கை வரைந்து நடுவில் இருக்கிற 'ங்'கைத் தேடிக்கொள்ளச் சொன்னார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் அரிச்சுவடி இன்றைய எந்தப் புத்தகத்தையும் விட உசத்தி. அப்போது லை, ளை, ணை, னை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சுழி தும்பிக்கை மாதிரித் தொங்கும். யானை என்று எழுதினால் எழுத்திலேயே தும்பிக்கை இருக்கும், படம் அதிகப்படி. பெரியார் 1935-இலேயே தன் குடிஅரசு இதழில் அதை வெட்டிவிட்டார். அரசாங்கம் வெட்டுவதற்கு அவருடைய நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஆணை வந்து 13 எழுத்துகள் உருமாறின. அச்சுக் கோப்பவர்களுக்கும் தட்டச்சுக்காரர்களுக்கும் நிம்மதி. சீர்திருத்தம் சரியானதுதான், சந்தேகமில்லை. ஆனால் எனக்குப் பின்னால் பள்ளியில் சேர்ந்த தம்பி எழுதிய யானைக்குத் தும்பிக்கை இல்லை. அவன் என் பழைய அரிச்சுவடியைப் பார்த்து, இது எந்த ஊர் பாஷை என்று கேட்டான்.

தமிழ் முடிந்ததும் ஆங்கிலம். அந்தப் புத்தகத்தில் முதல் பக்கம் ஆப்பிள். சாத்தூரில் ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கையில் காணப்படுகிற பழம். அடுத்துக் கொஞ்ச தூரத்தில் இக்ளூ. வெயில் அடித்தால் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற ஊரில் உட்கார்ந்து, பனிக்கட்டியில் கட்டிய வீட்டை உரக்கச் சொல்லிப் படித்தோம். தெரியாத பொருளைக் காட்டித் தெரியாத எழுத்தைச் சொல்லிக்கொடுக்கிற இந்த முறையைத் தமிழாசிரியர் கிண்டல் செய்வார். நம் புத்தகத்தைப் பாருங்கடா, எல்லாம் வாசலில் இருக்கிறது என்பார்.

சொந்த ஊரில் அந்த மொழிக்கும் நம் 'ங', 'ஃ' மாதிரிக் கஷ்டம் உண்டு என்று தெரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. கேட் கிரீன்அவே 1886-இல் போட்ட ஆப்பிள் பை அகரவரிசைப் புத்தகம் ஆங்கிலேயர் போற்றுகிற ஒன்று. ஒவ்வோர் எழுத்தும் ஒரு பணியாரத்தைப் பிடித்து ஏதாவது செய்யும். கடைசி ஆறு எழுத்துகளை என்ன செய்வது என்று தெரியாமல் மொத்தமாகச் சேர்த்து, ஆளுக்கொரு துண்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதைவிட 1658-இல் கொமேனியஸ் நியூரம்பர்க்கில் அச்சிட்டதுதான் எனக்குப் பிடித்தது. படம் போட்ட குழந்தைப் புத்தகங்களுக்கெல்லாம் பாட்டன் அது. அதில் எழுத்தின் ஒலியைச் சொல்ல அவர் சொல்லைத் தேடவில்லை. காகம் கரைவது, ஆட்டுக்குட்டி கத்துவது, குழந்தை அழுவது என்று சத்தத்தையே பிடித்துப் படம் போட்டார். 'ங'வைப் பார்த்திருந்தால் ஏதாவது மிருகத்தைக் கண்டுபிடித்திருப்பார்.

பெரியவர்கள் அரிச்சுவடி பார்ப்பது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது புதுக்கோட்டை. வேலை நிமித்தம் அங்கே இருந்தேன். 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கல்குவாரியில் கல் உடைக்கிற பெண்கள், நடவு நடுகிற பெண்கள், பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரி அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள். அந்தச் சைக்கிள் வகுப்புதான் நாடு முழுக்கப் பேசப்பட்டது. தொண்டர் என்ற பெயரில் நானும் ஒரு விளக்கடியில் உட்கார்ந்தேன்.

இயக்கம் கொடுத்த புத்தகம் அகரத்தில் தொடங்கவில்லை. படிக்கிறவர்கள் புழங்குகிற சொல்லை முதலில் வைத்து, அதிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டும். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை வரவில்லை. கடைத்தெருவில் நல்ல வண்ண அரிச்சுவடி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அணிலைக் காட்டினேன். என் அம்மா வயதுள்ள ஒருத்தி அதைக் கையில் வாங்கி, விளக்கருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, சத்தமாகச் சிரித்தாள். "ஏந்தம்பி, அணிலப் பாக்குறதுக்கா வேலவெட்டிய விட்டுட்டு வந்து உக்காந்துருக்கோம்? கூலி எம்புட்டுன்னு எழுதியிருக்கான், அத எப்படிப் படிக்கிறது, அதச் சொல்லு." வட்டமே சிரித்தது. அரிச்சுவடி என் பைக்குள் போயிற்று. வீட்டில் பேரப் பிள்ளை இருக்கிறவள் ஒருத்தி மட்டும் போகும்போது, படப் புத்தகத்தைக் கொடுக்கிறாயா என்று கேட்டு வாங்கிக்கொண்டாள், பிள்ளைக்கு.

இது அப்போது. இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறேன். வரவேற்பறையில் கண்ணாடி போட்ட தாழ்வான மேஜை. அதன் மேல் ஓர் அரிச்சுவடி. கெட்டி அட்டை, துணி முதுகு, நாங்கள் ஒரு வருஷத்துக்கு மளிகை வாங்கிய பணம் விலை. யார் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுக்கிறார்கள். மருமகனின் நண்பர்கள், குறைந்தது முப்பது வயது தாண்டியவர்கள், அணில் பக்கத்தைத் திறந்து "வாவ்" என்கிறார்கள். அந்தக் கல் உடைத்த அம்மாவை நினைத்துக்கொண்டு நான் காபி குடிப்பேன்.

பேத்திக்கு நாலு வயது. அவள் கை எட்டாத உயரத்துக்கு அந்தப் புத்தகம் போய்விட்டது. காரணம், அவள் விரல்களில் எப்போதும் நெய்யோ சாக்லேட்டோ இருக்கிறது. "அது பெரியவங்க புக் கண்ணம்மா, உனக்கு டேப்ல போட்டுத் தரேன்" என்கிறாள் மகள். டேப்லெட்டில் அணில் ஓடுகிறது, பல் தேய்க்கிறது, ஆங்கிலம் கலந்த தமிழில் சபாஷ் சொல்கிறது.

மருமகன் டிசைனர். நல்ல பிள்ளை. மாமனாருக்கு விளக்கிச் சொல்வதில் அவருக்குச் சலிப்பு வராது. அந்தப் புத்தகத்தின் ஒட்டகத்தைக் காட்டி, "இதப் பாருங்க மாமா" என்றார். பார்த்தேன். கோடு ஓரிடத்தில், மஞ்சள் கொஞ்சம் தள்ளி. "ரிஜிஸ்டர் வெலகியிருக்கு, திருப்பிக் குடுத்து வேற வாங்குங்க" என்றேன். அவர் சிரித்தார். ரிசோ என்று ஒரு ஜப்பான் மிஷின் உண்டு, அதில் நிறங்கள் இப்படி லேசாக விலகும், அந்த விலகல்தான் அழகு, இந்தப் புத்தகத்தில் அதைக் கம்ப்யூட்டரில் வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்றார். மாமா உயிரோடு இருந்திருந்தால் சிவகாசியிலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்திருப்பார். கழிவுத் தாளை எல்லாம் எடைக்குப் போட்ட மனுஷன்.

கிண்டலுக்காக எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டவும் மனம் வரவில்லை. 1994-இல் சென்னையில் தொடங்கிய தாரா புக்ஸ், கையால் செய்த தாளில், ஒவ்வொரு நிறமாக ஸ்கிரீன் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்த புத்தகங்களை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கோண்ட் ஓவியர்களின் மரங்கள் கறுப்புத் தாளில் நிற்கும். ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் கல்யாணப் பத்திரிகையும் ஜவுளிக்கடை மஞ்சப்பையும்தான் என்று நினைத்திருந்த தலைமுறை எங்களுடையது. அந்தத் தாளின் வாசனைக்கு நானும் அடிமை. வங்காளத்தில் 1930-இலேயே தாகூர் எழுத, நந்தலால் போஸ் படம் போட 'சகஜ பாட்' வந்துவிட்டது. அவ்வளவு பெரிய கவியும் ஓவியரும் குழந்தைக்காக ஒரே தரையில் உட்கார்ந்தார்கள். நமக்குப் பாரதி புதிய ஆத்திசூடி தந்தார். படம் போட ஆள் கிடைக்கவில்லை. நம் ஐவரை வரைந்தவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பெரியவர்களுக்கென்றே அகரவரிசை எழுதியவர்களும் உண்டு. அமெரிக்காவில் எட்வர்ட் கோரி 1963-இல் போட்ட சின்னப் புத்தகத்தில் எழுத்துக்கொரு பிள்ளை வரிசைப்படி செத்துப்போகும். மாடிப்படியில் விழுந்து, கரடி அடித்து, இப்படி. மருமகன் அதை எனக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார். ஒரே மூச்சில் படித்துவிட்டு, பாட்டி இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள் என்று நினைத்து, ரகசியமாக இரண்டாவது தடவையும் படித்தேன். ஆக நானும் மேஜைக் கூட்டத்தில் ஒருவன்தான். புதுக்கோட்டையில் பெரியவர்கள் அணிலைத் தள்ளிவிட்டு எழுத்தைக் கேட்டார்கள். இங்கே எழுத்து எல்லாருக்கும் தெரியும், அணில்தான் வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் எல்லாரும் வெளியே போயிருந்தபோது பேத்தியின் கையைக் கழுவித் துடைத்து, அந்தப் புத்தகத்தை இறக்கி மடியில் வைத்தேன். 'உ' பக்கம் வந்தது. அச்சு அசலான உரல். கல்லின் சொரசொரப்பு விரலில் படுகிற மாதிரி. இது என்ன சொல்லு பார்ப்போம் என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "ஹோட்டல்!" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. பிறகு அவளே விளக்கினாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்குப் போனார்கள். வாசலில் இது இருந்தது. உள்ளே தண்ணீர், தண்ணீரில் செவ்வந்தி, ரோஜா. அதைத் தொடக்கூடாது என்று ஒரு அங்கிள் சொன்னார். அவளைப் பொறுத்தவரை உரல் என்பது பூ மிதக்கிற பாத்திரம். கொல்லையில் அது எதற்குக் கிடந்தது என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். நெல், உலக்கை, தவிடு, புடைக்கிற முறம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் இன்னொரு சொல் தேவைப்பட்டது. ஏணி? அலுமினியத்தில் மடக்குவது. ஓடம்? போட். அணிலும் ஈயும் மட்டும் மிஞ்சின. எழுத்து எல்லாம் அவளுக்கு டேப்லெட்டிலேயே வந்துவிட்டது. இப்போது எழுத்தைக் காட்டி உரலைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தமிழாசிரியர் கிண்டல் செய்த இக்ளூ எங்கள் வீட்டுக்குள் வந்து, கொல்லையில், உரல் கிடந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

அவளுக்கு அந்தப் புத்தகம் அலுத்துவிட்டது. தானே ஒன்று செய்யப்போவதாகச் சொல்லிக் கிரேயானோடு தரையில் படுத்தாள். அ, அப்பா; முகத்தில் தாடி மட்டும். ஏ, ஏசி, பெட்டியிலிருந்து நீலக் கோடுகள். ஐ, ஐஸ்கிரீம். மாலையில் வந்த மருமகன் இதில் மட்டும் முகம் சுளித்தார். தமிழ்ச் சொல்லாக இருக்க வேண்டாமா என்றார். வீட்டில் நாலு வயதுக்கும் எழுபது வயதுக்கும் ஒரே மாதிரி தெரிந்த பொருள் அது ஒன்றுதான் என்று நான் பேத்தி பக்கம் பேசினேன். பேச்சு பழைய அரிச்சுவடியின் ஐவருக்குத் தாவியது. அவர்களை அவர் தமிழர் என்றார், நான் பாண்டவர் என்றேன். சித்தப்பாவும் பாட்டியும் மறுபடி மோதிக்கொண்டார்கள்.

கடைசித் தாளில் ஃ. மூன்று புள்ளி போட்டாள். நடுவில் ஒரு வட்டம். வட்டத்திலிருந்து புள்ளிகளுக்கு மூன்று இறக்கை. மேலே ஒரு கம்பி, கூரையோடு சேர்த்து. "ஃ, ஃபேன்" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே ஆய்த எழுத்து சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் நிற்கத் தெரியாது என்று இலக்கணம் உட்கார வைத்திருந்த எழுத்து. ஃபோன், ஃபைல், ஃபிரிட்ஜ், ஃபேஸ்புக் என்று இன்றைக்கு அதற்கு ஓய்வே இல்லை. வாளை வைத்துச் சமாளித்த அந்தச் சிவகாசி ஓவியர் பார்த்திருந்தால் இந்தப் படத்தை உடனே திருடியிருப்பார்.

மருமகன் இலக்கணத்தை எல்லாம் மறந்துவிட்டார். தாளை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் விசாரணை வர ஆரம்பித்துவிட்டது. இது யார் ஆர்ட்டிஸ்ட்? பிரிண்ட் கிடைக்குமா? ஏ-3 அளவில், கறுப்பு ஃபிரேம் போட்டு, பெட்ரூம் சுவரில் மாட்ட வேண்டும், என்ன விலை?

மகள் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். பேத்தி தயிர்சாதத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏம்மா, அவங்க வீட்டுல ஃபேன் இல்லையா?"